அவங்க வாயால கேட்போம்



நாளைக்கு நடக்கப்போறதை நம்ம மூளை பழைய ஞாபகங்களை வச்சுத்தான் கற்பனை பண்ணுது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதி பழுதான 5 பேரிடம், கடற்கரை போன்ற இடங்களைக் கற்பனை செய்து சொல்லும்படி லண்டன் ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். 4 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இது 2007-ல் வெளிவந்தது.

அடுத்தவங்க மனசை ஊகிக்கும்போதும் நம்ம அனுபவம்தான் முன்னால வந்து நிக்குது. ஒரு உறுப்பினர் 2 தவணை கட்டலைன்னா, முன்னாடி ஏமாத்தினவங்க ஞாபகம் வந்து, "இவளும் அப்படித்தான்"னு முடிவு கட்டிடுறோம். அவ வீட்டுக் கறவை மாடு செத்துப்போயிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?

தீர்மான நோட்டுல பேர் எழுதுறதுக்கு முன்னாடி, 2 பேர் அவங்க வீட்டுக்குப் போவோம். காரணத்தை அவங்க வாயால கேட்ட பிறகு முடிவு எடுப்போம்.