புதிய பயிற்சியாளரும் பழைய நம்பிக்கையும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றவர்களுக்கு அமரவிளை நினைவிருக்கும். நெய்யாற்றுப் பாலமும் சோதனைச் சாவடியும் அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. நாம் பிறந்து வளர்ந்தது அங்கே. இன்று பிழைப்பு வடக்கே, மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்பு மேசையில். 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. ஆகவே எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், சாயாக்கடையில் மலையாளம். பந்தாட்டம் என்று பேச்சு வந்துவிட்டாலோ இரண்டும் கலந்த மூன்றாவது மொழி ஒன்று பிறந்துவிடும்.

அந்த மூன்றாவது மொழியில் அடிக்கடி அடிபடும் சொல் ஒன்று உண்டு. கால்பந்துப் பயிற்சியாளரை மலையாளத்தில் ‘பரிசீலகன்’ என்பார்கள். பயிற்சி, ‘பரிசீலனம்’. தமிழிலோ பரிசீலனை என்றால் கோப்பு ஒன்று யாருடைய மேசையிலோ உறங்குகிறது என்று பொருள். நம் தொழிலில் இவ்வாறான சொற்கள் இடறிக்கொண்டேதான் இருக்கும். ஆயினும் புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்து இறங்கும்போதெல்லாம் இரு பொருள்களும் ஒன்றாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். ஊரே கூடி அவரைப் பரிசீலிக்கிறது.

2024இல் கேரளத்தில் ‘சூப்பர் லீக் கேரளா’ என்ற போட்டி தொடங்கியது. ஆறு அணிகள். தலைநகரின் அணிக்குத் ‘திருவனந்தபுரம் கொம்பன்ஸ்’ என்று பெயர். கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண்யானை என்பதைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரள அரசுப் பேருந்தின் முத்திரையிலும் யானைகள் உண்டு. மக்கள் அதை ‘ஆனவண்டி’ என்றே அழைக்கிறார்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் ஆனவண்டி ஏறிப் பாளையத்திலுள்ள சந்திரசேகரன் நாயர் மைதானத்துக்குச் சென்று கொம்பன்களைக் கண்டு திரும்பினார்கள். அணியின் முதற் பயிற்சியாளர் பிரேசில் நாட்டினரான செர்ஜியோ அலெக்சாண்டர். வீரர்களிலும் பிரேசிலியர் பலர். பிரேசில் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் எழுந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. உலகக்கோப்பைக் காலங்களில் தென்னைமரந்தோறும் மஞ்சள் கொடி கட்டும் ஊரல்லவா!

சாயாக்கடை மாமா ஒருவர் மட்டும் அந்த உற்சாகத்தில் சேரவில்லை. “எடே மக்கா, புது கோச்சு வந்தா பந்து தானா கோலுக்குப் போவுமாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பாலை ஆற்றத் தொடங்கினார். அந்தக் கேள்வியே இன்றைய நம் பேச்சின் பொருள்.

கொம்பன்ஸ் அந்த ஆண்டு அரையிறுதிவரை சென்று, கோழிக்கோட்டு அணியிடம் 1-2 என்று தோற்றது. 2025இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் மக்அலூன் பயிற்சியாளராக வந்தார். மறுபடியும் ஆனவண்டி நிறைந்தது. இம்முறை அரையிறுதியே கிட்டவில்லை. கண்ணூர் அணி கோப்பையை எடுத்துச் சென்றது. “நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்று மாமா வெற்றிப் புன்னகை பூத்ததாகச் செய்தி வந்தது. மாமா சொன்னது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கேரளம் சந்தோஷ் கோப்பையை முதன்முதலாக வென்றது 1973இல். டிசம்பர் 27ஆம் நாள், எரணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். எதிரே ரயில்வே அணி. 3-2 என்ற வெற்றியின் மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. இன்றும் ‘கேப்டன் மணி’ என்றாலே மலையாளிகள் நெஞ்சில் கைவைத்துப் பேசுவார்கள். ஆனால் அந்த அணியைப் பயிற்றுவித்தவர் தமிழர் என்பதை நம்மவர் பலர் அறியார். அவர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றவர். மாநிலம் பிறந்து பதினேழு ஆண்டுகள் கைக்கெட்டாதிருந்த கோப்பை, அவர் பயிற்சியின்கீழ் வந்து சேர்ந்தது. வேற்று மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களாகிய நாம் இச்செய்தியைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். பயிற்சியாளர் மாறினால் ஆட்டம் எப்படி மாறும் என்பதைத் தமிழ்நாடு தன் கண்ணாலேயே கண்ட கதை இது.

சென்னை சிட்டி என்ற அணி 2017-18ஆம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் எட்டாம் இடத்தில் முடித்தது. அதன் மிகச் சிறந்த இளைஞரான மைக்கேல் சூசைராஜ் அதன்பின் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார். சூசைராஜ் குமரி மாவட்டக் கடற்கரையிலுள்ள இரவிபுத்தன்துறைக்காரர்; எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் அதிகத் தொலைவில்லை. அவரும் போன பிறகு அந்த அணிமீது யார் நம்பிக்கை வைப்பார்கள்? அந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மன்சி, நெஸ்டர், சாண்ட்ரோ முதலிய வீரர்கள் வந்தார்கள். கோயம்புத்தூர் நேரு மைதானமே அவர்களுக்குத் தாய்வீடு.

அக்பர் நவாஸ் செய்தது என்ன? நம் நாட்டு அணிகளில் பல அந்நாளில் பந்தைப் பின்னாலிருந்து உயரத் தூக்கி அடித்து, முன்னே நிற்கும் வலுவானவர் தலையால் வாங்கிக்கொள்வார் என்று காத்திருக்கும். இதில் உழைப்பு மிகுதி, பயன் குறைவு. இவரோ கோல் காவலரிடமிருந்தே பந்தைக் குறுகிய தொலைவுகளில் கைமாற்றி, இல்லை, கால்மாற்றி முன்னே கொண்டுவரச் சொன்னார். பந்து வைத்திருப்பவனுக்கு எப்போதும் இருவராவது கண்ணுக்கெட்டும் இடத்தில் நிற்க வேண்டும். பந்து இல்லாதவனுக்கே அதிக வேலை. எதிராளியைத் தன் பின்னே இழுத்துக்கொண்டு ஓடுவான். அவன் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் மூன்றாமவன் வந்து பந்தைப் பெறுவான். பார்வையாளன் கண் பந்தின்மேல். பயிற்சியாளன் கண் அந்த வெற்றிடத்தின்மேல்.

முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மன்சிக்கு மட்டும் மூன்று கோல். இருபது ஆட்டங்களில் அணி அடித்தவை 48 கோல்கள். அவற்றுள் மன்சியுடையவை 21. 2019 மார்ச் 9ஆம் நாள் கடைசி ஆட்டம். கோவையில் மினர்வா பஞ்சாப் அணி முதலில் கோல் அடித்தது. அதே வேளையில் வேறோர் ஊரில் ஈஸ்ட் பெங்கால் வென்றுகொண்டிருந்தால் பட்டம் அவர்களுக்கு. மன்சி தண்டனை உதையில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார்! 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகமாக, 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி தேசியப் பட்டம் வென்றது. சூசைராஜின் உடன்பிறந்த ரெஜினும், ரொமாரியோவும், எட்வினும் அந்த அணியில் ஆடிய தமிழ் இளைஞர்கள். கடைசி நாளில் தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்ததைத் தற்செயல் என்று சிலர் கூறுவர். முன்னேறத் தடையில்லை என்று பின்னால் நிற்பவனுக்கும் ஓராண்டு முழுதும் சொல்லி வளர்த்த அணியில் அது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2020 ஜனவரியில் மன்சி ஜப்பானுக்குச் சென்றார். அவ்வாண்டு நோய்த்தொற்றால் போட்டியே பாதியில் நின்றது. பயிற்சியாளரும் விடைபெற்றார். 2020-21ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியின் பெயரே இல்லை. சாயாக்கடை மாமாவுக்கு இது தெரிந்தால் இன்னொரு சாயா இலவசமாகக் கொடுப்பார்.

மாமாவுக்கு மறுமொழியாக நாம் ரஹீமின் பெயரைச் சொல்வோம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தபோதுதான், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். பத்து கோல்! இன்றாக இருந்தால் விமான நிலையத்திலேயே அவருக்கு வழியனுப்பு நடந்திருக்கும். அவரை விட்டுவைத்தார்கள். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கப் பதக்கம். மறு ஆண்டே ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

இவ்வளவு தூரம் நாம் பயிற்சியாளர்களுக்காக வாதாடுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நம் தமக்கையின் மகன் ஒரு கல்லூரி அணியில் ஆடுகிறான். கல்லூரியின் பெயர் வேண்டாம். பள்ளிக் காலம் முதல் இடது ஓரத்து முன்னணி வீரன். கோல் அடித்தால் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிற வயது. சென்ற ஆண்டு அந்தக் கல்லூரிக்குப் புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார். வந்த மூன்றாம் வாரமே இவனை முன்னணியிலிருந்து இறக்கித் தடுப்பு வரிசையில் நிறுத்திவிட்டார். வீட்டில் ஒரே துக்கம். “தம்பி, நீ கவர்மெண்டு உத்தியோகத்திலே இருக்கே. அந்த ஸார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்று தமக்கை தொலைபேசியில் அழுதாள். மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்பாளருக்குக் கால்பந்து மைதானத்தில் என்ன அதிகாரம் இருக்கிறதென்று அவள் நினைத்தாளோ, அறியோம்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஆட்டம் ஒன்றைப் பார்த்தோம். நடு ஆட்டக்காரன் பந்தோடு உட்புறம் சாய்வான்; எதிராளி அவனைத் தொடர்வான்; இடது ஓரம் வெறிச்சோடும். அந்த வெற்றிடத்தில் நம் மருமகன் பின்னாலிருந்து மைதானத்தின் பாதியைக் கடந்து ஓடிவந்து பந்தைப் பெறுவான். நான்கு முறை அவ்வாறு வந்தான். ஒருமுறை அவன் தூக்கிக் கொடுத்த பந்தை மற்றொருவன் தலையால் கோலுக்குள் இட்டான். ஐந்தாம் முறை பந்து பறிபோயிற்று. அவன் விட்டுவந்த இடத்தின் வழியாகவே எதிரணி புகுந்து கோல் அடித்தது. 1-2 தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஐந்தாறு செருப்புகளைப் புல்லில் வரிசையாக வைத்து, இவன் முன்னேறும்போது நடு ஆட்டக்காரன் எங்கே இறங்கி நின்றிருக்க வேண்டுமென்று காட்டினார். அவ்வளவே. இரவில் வீடு திரும்புகையில், “மாமா, கோலு எனக்க சைடு வழியாத்தான் வந்துது. ஆனா அந்த ஓட்டத்தை மட்டும் நிறுத்தாதேன்னு ஸார் சொன்னாரு” என்றான். அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

பருவத்தின் இறுதியில் அணி பாதிக்குக் கீழே நின்றது. பயிற்சியாளரை மாற்றிவிடப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பையன்கள் கூடி, அவருக்கு இன்னும் ஓராண்டு கொடுக்க வேண்டுமென்று மலையாளத்தில் விண்ணப்பம் ஒன்று எழுதினார்கள். நிர்வாகத்துக்கு அதை ஆங்கிலத்தில் அனுப்பினால் கனம் கூடும் என்று எவனோ சொல்ல, வேலை நம்மிடம் வந்தது. எத்தனையோ சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறோம். இரண்டு பக்க விண்ணப்பத்துக்கு ஓர் இரவு பிடித்தது. ‘நாங்கள் தோற்றோம், ஆனால் ஏன் தோற்றோம் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்’ என்று ஒரு வரி அதில் இருந்தது. அதை மட்டும் நான்குமுறை திருத்தி எழுதினோம்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் மலையாளத்தில் ஒருவரிப் பதில்: விஷயம் ‘பரிகணனையில்’ உள்ளது. பதிலைத் தொலைபேசியில் படித்துக்காட்டிய மருமகன் அதைத் தன் தாயிடம் சொல்லத் தயங்கவே, நாமே தமிழாக்கிச் சொன்னோம்.

“பரிசீலனையில் இருக்கிறதாம், அக்கா.”

அவளுக்கு மலையாளச் சொல்தான் காதில் விழுந்தது. “பரிசீலனம் நடக்குதா? மழையிலயுமா?” என்றாள்.

அது நடந்துகொண்டுதான் இருந்தது. அன்று காலையும் பையன்கள் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். பயிற்சியாளரும் வந்திருந்தாராம்.