யந்திரம் சொன்னால் ஆயிற்றா?

(மேற்கு தாம்பரத்தில் சென்ற ஞாயிறு மாலை நடந்த ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் சுருக்கம்.)



போன மாதம் ஒரு அம்மாள் நம் கட்சி ஆபீசுக்கு வந்தார். இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் துப்புரவுத் தொழிலாளி. காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்று, வருகை பதியும் கருவியின் முன் முகத்தைக் காட்டியிருக்கிறார். "பொருந்தவில்லை" என்றது கருவி. மூன்று தடவை காட்டினார். மூன்று தடவையும் அதே பதில். சூபர்வைசர் அவரைப் பத்து வருஷமாக அறிந்தவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் என்னம்மா செய்யட்டும்? மெஷின் சொல்லிவிட்டதே!" அன்றைய கூலி போயிற்று.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முன்பு கூலியை வெட்டினால், வெட்டியவன் மேஸ்திரியா, மானேஜரா என்று தெரியும். அவனிடம் நியாயம் கேட்கலாம். இன்று முதலாளி யந்திரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது என்ன? லட்சக்கணக்கான பழைய படங்களையும் கணக்குகளையும் கம்ப்யூட்டருக்குப் புகட்டுகிறார்கள். புதிதாக ஒன்று எதிரே வந்தால், "இது இன்னதாக இருக்கும்" என்று அது ஊகிக்கிறது. வெறும் ஊகம்தான்! ஊகம் சில சமயம் தப்பும். தப்பினால் யார் பதில் சொல்வது?

தெலங்கானாவைப் பாருங்கள். 2014 முதல் 2019 வரை அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. குடும்பங்களின் விவரங்களைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, தகுதியில்லாதவர்களைப் பொறுக்கும் ஏற்பாடு ஒன்றை அந்த சர்க்கார் பயன்படுத்தியது. கார் இல்லாத ஏழைக்குக் கார் இருப்பதாகக் கணக்குக் காட்டி அரிசியை நிறுத்திய கொடுமையும் நடந்தது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, நேரில் போய் விசாரியுங்கள் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று.

நம் கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் தலத்தில் தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லையென்றால் வெயிலில் மண் வெட்டியவன் வேலைக்கே வராதவன் ஆகிவிடுவான்! அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். அதில் மோசடியைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவையும் கொண்டுவருகிறார்கள். யாரை மோசடிக்காரன் என்று சந்தேகிக்கப் போகிறது? மண்வெட்டி பிடித்தவனைத்தான்.

சரி, மத்திய சர்க்காரின் கொள்கை என்ன? 2024 மார்ச்சில் மந்திரிசபை இந்தத் துறைக்கென 10,371 கோடியே 92 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி தந்தது. இதில் கம்ப்யூட்டர் சக்திக்கு 4,563 கோடி. புதுக் கம்பெனிகளுக்கு மூலதன உதவியாக 1,942 கோடி. இந்த யந்திரம் ஜனங்களுக்குக் கேடு செய்யாமல் பார்க்கும் 'பாதுகாப்பு, நம்பிக்கை' வேலைக்கு எவ்வளவு? 20 கோடியே 46 லட்சம்! நூறு ரூபாயில் இருபது பைசா, தோழர்களே!

2025 நவம்பரில் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டார்கள். இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டமே போதும் என்பது அதன் சாரம். கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கே முதலிடம் என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அப்படி விடவில்லை. அங்கே 2024-ல் சட்டம் வந்தது. வேலைத் தலத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து மனநிலையை அளக்கும் கருவிக்கு 2025 பிப்ரவரி முதல், மருத்துவம், பாதுகாப்பு தவிர, தடை. தமிழ்நாட்டிலும் 2020-ல் ஒரு கொள்கை வெளியாயிற்று. இத்தகைய கருவியை ஜனங்கள் மேல் ஏவும் முன் பாரபட்சம் உண்டா, தப்புக்குப் பொறுப்பு யார் என்று சோதிக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் அது சர்க்கார் இலாகாக்களுக்கு மட்டும். கம்பெனி கேட்டுக்குள் அது நுழையாது.

"கம்யூனிஸ்டுகள் யந்திரத்துக்கு விரோதிகள்" என்பார்கள். பொய்! யந்திரம் தொழிலாளியின் முதுகுச் சுமையைக் குறைத்தால் நமக்குச் சந்தோஷமே. அதன் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதுதான் கேள்வி. 1955-ல் கான்பூர் ஜவுளித் தொழிலாளர்கள் ஏறத்தாழ எண்பது நாள் வேலை நிறுத்தம் செய்தது இதற்காகத்தான். தறியைக் கூட்டி ஆளைக் குறைக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள். 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், சங்கங்கள் மூவரும் மூன்று விதிகளை ஒப்புக்கொண்டார்கள். ஒன்று, இருக்கும் ஆளை நீக்கக் கூடாது, வருமானத்தைக் குறைக்கக் கூடாது. இரண்டு, ஆதாயத்தில் தொழிலாளிக்கும் நியாயமான பங்கு. மூன்று, வேலைப் பளுவை முறையாக அளக்க வேண்டும். அன்று தறிக்குச் சொன்னது இன்று இந்த யந்திரத்துக்கு ஏன் பொருந்தாது?

இந்த மூன்றையும் சட்டமாக்கு என்று கேட்கிறோம். நான்காவதாக ஒன்றும் சேர்க்கிறோம்: யந்திரம் சொன்னது என்று எவர் கூலியையும் வேலையையும் அரிசியையும் பறிக்காதே, கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல ஒரு மனிதன் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி உட்காரலாமா? கூடாது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். ஆயினும் பழைய தொழில் தகராறு சட்டத்தின் ஒரு ஷரத்து அதில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு வழிசெய்யக்கூடிய புது யந்திரமோ முறையோ கொண்டுவருமுன் நிர்வாகம் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். உங்கள் ஆலையில் புதிதாகக் கேமராவோ கம்ப்யூட்டரோ மாட்டினால் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேளுங்கள்: நோட்டீஸ் எங்கே? எத்தனை ஆள் குறையும்? தப்பினால் யார் பொறுப்பு?

அந்த அம்மாளுக்காக நம் தோழர்கள் இருபது பேர் கேட்டுக்குப் போனார்கள். மனுவைக் கொடுத்து நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் மானேஜர் வெளியே வந்தார். வருகைப் புத்தகத்தில் பேர் ஏறியது, கூலியும் கிடைத்தது. யந்திரத்துக்குப் பின்னால் மனிதன் இருக்கிறான், தோழர்களே! நாம் கூட்டமாகப் போனால்தான் அவன் வெளியே வருவான்.