பனிநாட்டில் மின்சாரக் கார்



ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில் அமைந்தது நோர்வே நாடு. அதன் வடபாலுள்ள கராசொக் என்னும் ஊரில் 1886 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 51.4 பாகை செல்சியசுக்கு இறங்கிற்று. அத்தகைய நாட்டிலேதான் 2024 ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 89 முற்றாக மின்சாரத்தால் இயங்குவன. குளிரோ மின்கலத்துக்குப் பகை. அப்பகையை அந்நாட்டார் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பது அறியத்தக்கது.

இக்கார்களிலுள்ள மின்கலம் இலிதியத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் ஒரு முனையிலே பெரும்பாலும் காரீயம் உண்டு. நமது போகல சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் காரீயமும் இப்பொருளே. மின்னேற்றும்போது இலிதியத்தின் நுண்துணிக்கைகள் ஒரு திரவத்தினூடாகச் சென்று காரீயத்தினுள் புகுகின்றன. கார் ஓடும்போது வெளியேறுகின்றன. நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் இறுகுவதை நாம் அறிவோம். மின்கலத் திரவம் அவ்வாறு உறைந்துவிடுவதில்லை, எனினும் தடிப்புறுகின்றது. துணிக்கைகளின் நடையும் தளர்கின்றது. அந்நிலையில் விரைந்து மின்னேற்றினால், இலிதியம் காரீயத்தினுள் புகாது அதன் மேற்பரப்பில் உலோகமாய்ப் படிந்து, மின்கலத்தின் ஆயுளைக் குறைத்துவிடும். ஆதலால், காரிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகின்றது. குளிர் மின்கலத்தைக் கொல்வதில்லை, மந்தமாக்குகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. பெற்றோல் காரிலே எரிபொருளின் ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாய் வீணாகின்றது. அவ்வீண் வெப்பமே மாரியில் பயணிகளுக்குக் கணப்பாகின்றது. மின்சாரக் காரோ ஆற்றலை வீணாக்குவது மிகக் குறைவு. அதன் சிறப்பே மாரியில் குறையாகின்றது. உள்ளிருப்போருக்கு வேண்டிய சூட்டையும் மின்கலமே அளித்தல் வேண்டும். நோர்வே மோட்டார் வாகனச் சங்கத்தார் 2020 ஆம் ஆண்டு மாரியில் பல கார்களை ஓட்டிச் சோதித்தனர். அறிவிக்கப்பட்ட தூரத்திலே ஒரு கார் ஏறக்குறைய பத்திலொரு பங்கை இழந்தது. வேறொன்று பத்தில் மூன்று பங்கை இழந்தது.

பனிப்புயலில் வழியில் அகப்பட்டால் என் செய்வது என்று சிலர் அஞ்சுவர். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 60 அலகு மின்சாரம் கொள்ளும் மின்கலம் பாதி நிறைந்திருக்கின்றது என்க. சூடாக்கி மணிக்கு 2 அலகு கொள்ளுமாயின், நின்ற இடத்திலேயே 15 மணி நேரம் சூடு கிடைக்கும். மின்கலத்தை வெறுமையாகும்வரை விடாதிருத்தலே இங்கு காப்பு.

அந்நாட்டாரின் பழக்கங்கள் எளியவை. இரவிலே வீட்டில் காரை மின்னிணைப்பில் விடுவர். காலையில் இணைப்பைக் கழற்றுமுன்னரே காரின் உட்புறத்தைச் சூடாக்குவர். அச்செலவு மின்கலத்தைச் சாராது. நெடும்பயணத்தில், மின்னேற்று நிலையத்தை அடையுமுன்னரே மின்கலத்தைச் சூடாக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. ஓடிவந்த சூடு ஆறுமுன் மின்னேற்றுதலும் நன்று.

இப்பழக்கங்கள் கைகூடாதவிடத்து நேர்வது யாது? 2024 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இதற்கு விடை தந்தது. கடுங்குளிரில், வெறுமையை அண்மித்த மின்கலங்களோடு பலர் பொது மின்னேற்று நிலையங்களை நாடினர். குளிர்ந்த மின்கலங்கள் மெல்ல மெல்லவே மின்சாரத்தை ஏற்றன. வரிசை நீண்டது, காத்திருந்த மணிநேரங்களில் எஞ்சிய மின்சாரமும் சூட்டுக்கே செலவாயிற்று. சில கார்களை இழுத்துச் செல்ல நேர்ந்தது. அதே மாதத்தில் நோர்வேயிலும் கடுங்குளிர் வாட்டியது. ஆயினும் அங்கே பெரும்பாலானோர் தம் வீட்டிலேயே மின்னேற்றுவோராதலின், பொது நிலையங்களை மாத்திரம் நம்பியிருக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் கார் நிறுத்துவோனுக்கு இது எளிது. அடுக்குமாடியில் வாழ்வோன் நிலை அவ்வாறன்று. நோர்வேயில் 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமொன்று இக்குறையைக் கருத்திற் கொண்டது. அடுக்குமாடியில் வீட்டுரிமையுடையோர் மின்னேற்றும் வசதி அமைக்க விரும்பின், தக்க காரணமின்றி அதனை மறுத்தலாகாது என அச்சட்டம் விதித்தது.

ஆகவே, குளிர்நாட்டில் மின்சாரக் கார் ஓடுமா என்னும் வினாவுக்கு, ஓடும் என்பதே விடை. ஆயின், இரவில் அதனை இணைத்துவைக்க ஓர் இடம் வேண்டும். அவ்விடம் வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதாயின், குளிரின் சுமை முழுவதும் மற்றையோர் தலைமேல் விழும். பொறியியலாளர் மின்கலத்தைத் திருத்தி வருகின்றனர். அவ்விடத்தை யாவர்க்கும் அமைத்துக் கொடுத்தல் அரசினதும் ஊரவரினதும் கடமையாகும்.