உளவியல் பட்டம்: மூன்று ஆண்டுக்குப் பிறகு என்ன?

(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளையின் கல்விக் குழு நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு பாடத்தின் பெயர் அடிக்கடி தென்படுகிறது: பி.எஸ்சி. உளவியல். கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஏன் இந்தப் பாடம் என்று நேர்காணலில் கேட்போம். மனிதர்களின் மனதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள் சிலர். கணக்கு இல்லாத சயின்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்பவர்களும் உண்டு. (புள்ளியியல் தாள் ஒன்று காத்திருப்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியும்.) கூட வரும் வாப்பாமார்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைப் படிச்சா டாக்டர் ஆகலாமா?"

ஆக முடியாது. மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் எம்.டி. படித்தவர். மருந்து எழுதாமல், சோதனைகள் வைத்து நோயை மதிப்பிட்டு, பேச்சின் வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். மூன்று ஆண்டு பி.எஸ்சி. உளவியல் பட்டத்தை மட்டும் வைத்து அந்தப் பதிவு கிடைக்காது.

இதுவரை இருந்த வழி இளநிலை 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு, அதன் மேல் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். 2 ஆண்டு, ஆக மொத்தம் 7 ஆண்டு. இப்போது அந்த வழியும் மாறுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இந்தப் பாடத்துக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. எனவே முதுகலையில் சேரும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேரப்போகும் கல்லூரியும், அதே படிப்பும், அந்தக் கல்வியாண்டும் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். விளம்பரத்தில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருப்பதால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களிலும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு மாற்றம் நம் வீடுகளை நேராகத் தொடுகிறது. "டிகிரி முடியட்டும், நிக்காஹ் முடிப்போம், மேல்படிப்பைத் தபாலில் படித்துக்கொள்ளட்டும்" என்பது நம் ஊரில் பழகிப்போன ஏற்பாடு. தமிழ், வரலாறு, வணிகவியல் படித்தவர்களுக்கு அது இன்றும் சரிப்படும். உளவியலுக்குச் சரிப்படாது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருகிறது. அதனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர முறையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. இனி முதுகலை என்றால் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். சம்பந்தம் பேசும்போதே பெண்ணுக்கு இன்னும் இரண்டு ஆண்டு படிப்பு இருக்கிறது, வகுப்புக்குப் போக வேண்டும் என்று இரு வீட்டாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்று ஆண்டுப் படிப்பு பீரோவுக்குள் சான்றிதழாகத் தங்கிவிடும்.

சரி, மேலே படிக்க வசதியில்லை, பட்டம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் என்ன செய்யலாம்?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் பணிக்கு உளவியல் இளநிலைப் பட்டம் போதும். மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பாக நாளிதழில் வரும். ஒப்பந்தப் பணிதான், அண்மை ஆண்டு அறிவிப்புகளில் தொகுப்பூதியம் மாதம் ரூ.18,536. பெரிய தொகை இல்லை. ஆனால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை, வீட்டில் அடிபட்ட பிள்ளை, குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசிக் கிடைக்கும் அனுபவம் வகுப்பறையில் கிடைக்காது. பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 1098 குழந்தை உதவி மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

எங்களைக் கேட்டால், நம் பிள்ளைகள் அதிகம் யோசிக்காத, ஆனால் யோசிக்க வேண்டிய வழி சிறப்புக் கல்விதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சொல்லித்தர ஆள்தான் இல்லை. எந்தப் பட்டத்திலும் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் பி.எட். சிறப்புக் கல்விக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு ஆர்.சி.ஐ. பதிவும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் அது. உளவியல் படித்த பிள்ளைக்குக் குழந்தை வளர்ச்சி ஏற்கெனவே தெரியும் என்பதால், இந்தப் படிப்பில் மற்றவர்களைவிட ஓரடி முன்னால் நிற்பார்கள்.

தொழிற்சாலை, நிறுவனம் பக்கம் போக விரும்புபவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. படிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் பொதுவாக ஏதாவது ஒரு பட்டம் கேட்கும் பதவிகளுக்கு இந்தப் பட்டமும் பட்டம்தான். குடிமைப் பணித் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

கல்ஃபில் என்ன நிலை என்று கேட்பீர்கள். அங்கே உளவியலாளர் உரிமத்துக்கு முதுகலையும் பணி அனுபவமும் கேட்கிறார்கள். பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குத் துணையாக உட்காரும் உதவியாளர் வேலை பி.எஸ்சி.யோடு கிடைக்கக்கூடும். யாராவது ஏஜென்ட் 'கவுன்சலர் விசா' என்று பணம் கேட்டால், கொடுக்கும் முன் நம்மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பி.எஸ்சி. முடித்த கையோடு, ஆறு மாத டிப்ளமோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 'மனநல ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். காது கொடுத்துக் கேட்பது நல்ல காரியம். ஆனால் தற்கொலை எண்ணத்தோடு வருபவரையும், காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவரையும் அடையாளம் கண்டு உடனே மருத்துவரிடம் அனுப்பத் தெரியாமல், வாராவாரம் பணம் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தால் உயிர் போகும். நம் உதவித்தொகையில் படித்த யாரும் அதைச் செய்யக் கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். மேற்பார்வையின் கீழ் வேலை பாருங்கள். இரவில் யாராவது கலங்கிப்போய் உங்களை அழைத்தால், டெலி மானஸ் உதவி எண் 14416ஐக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

ஆண் பிள்ளைகள் ஏன் இந்தப் பாடத்துக்கு வருவதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். போதைப் பழக்கத்தில் விழுந்த பையன் ஒருவன் மனம்விட்டுப் பேச அண்ணன் மாதிரி ஒருவரைத்தான் தேடுவான். போதை மீட்பு மையங்களில் அப்படிப்பட்ட ஆலோசகர்கள் தேவைப்படுகிறார்கள். இந்த ஆண்டு ஒரு மாணவர்கூட உளவியலுக்கு விண்ணப்பிக்கவில்லை.

சம்பளம் குறைவான ஒரு படிப்புக்கு அறக்கட்டளைப் பணத்தை ஏன் செலவழிக்கிறீர்கள் என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். ஏர்வாடி நமக்குத் தூரத்தில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பங்கள் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டதற்கு, வேறு எங்கே போவது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாததும் ஒரு காரணம். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் போகலாம் வாருங்கள் என்று ஓர் உம்மாவின் கையைப் பிடித்துச் சொல்ல, நம் வீட்டுப் பேச்சு தெரிந்த, படித்த பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு மஹல்லாவிலும் வேண்டும். அந்தச் செலவு வீண் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு முதல் உளவியல் மாணவர்களுக்கு உதவித்தொகையை மூன்று ஆண்டுக்கு அல்ல, ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்டுத் தருவதென முடிவு செய்திருக்கிறோம். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரும் மாணவியும் சேர்ந்து வந்து, அடுத்து எந்த வழி என்று சொல்ல வேண்டும். விண்ணப்பத்தோடு பிளஸ் டூ மதிப்பெண் சான்றும், கல்லூரி சேர்க்கைக் கடிதமும், ஜமாஅத் கடிதமும் வையுங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு கல்விக் குழுவில் ஒருவர் அலுவலகத்தில் இருப்பார்.