கத்திக்கு முன் பதினைந்து நொடி



இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது, என்னைவிடக் கை தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். "அவர்களெல்லாம் அன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார்கள் சார்" என்றார். அந்தத் தகுதியோடுதான் இங்கே நிற்கிறேன்.

மாநாட்டின் பொருள், லேப்ராஸ்கோப்பி ஸ்டேப்ளர்களின் இன்றும் நாளையும். மோட்டார் வைத்த கருவி, வளையும் கழுத்து, புதுப்புது காட்ரிட்ஜ் எல்லாவற்றையும் பிற்பகலில் இளையவர்கள் பேசுவார்கள். நான் நேற்றைக்குப் போகிறேன்.

நம் கட்டுரைகள் ஸ்டேப்ளர் வரலாற்றை மாஸ்கோவில் தொடங்கி, 1958-இல் சோவியத் நாடு போய் வந்த அறுவை மருத்துவர் மார்க் ராவிச்சோடு அமெரிக்காவில் முடித்துவிடுகின்றன. புடாபெஸ்டின் அறுவை மருத்துவர் ஹ்யூமர் ஹுல்ட்லுக்கு அடிக்குறிப்புதான் மிச்சம். கருவி வினைஞர் விக்டர் ஃபிஷரோடு சேர்ந்து 1908-இல் அவர் உருவாக்கிய ஸ்டேப்ளர் மூன்றரைக் கிலோ கனம். பூட்டி முடிக்க இரண்டு மணி நேரம். முன்பொருமுறை அந்தக் கருவியின் பேச்சை நான் எடுத்தபோது, என் பெருமதிப்பிற்குரிய மூத்தவர் ஒருவர் "அருங்காட்சியகச் சரக்கு" என்றார். கனத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் சரி.

கையிலுள்ள நிகழ்ச்சி நிரலைப் புரட்டுங்கள். நடுவில் குத்திய பின்னின் கால்கள் தாளோடு தட்டையாகப் படிந்திருக்கும். குடலில் அப்படிப் படிந்தால் விளிம்புக்கு ரத்தம் போகாது. ஹுல்ட்லின் கம்பி உள்நோக்கிச் சுருண்டு ஆங்கில 'பி' எழுத்தாக மூடியது. அதன் இரண்டு கண்களின் வழியே நுண்குழாய்கள் உயிரோடு இருக்கும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் பின். எல்லாவற்றுக்கும் முன்னால், திசுவை நன்றாக அழுத்துவது. இன்று நாம் 12 மில்லிமீட்டர் போர்ட் வழியே நுழைக்கும் கருவியில் இந்த மூன்றில் எது மாறியிருக்கிறது?

என் வழக்கு அந்த அழுத்தத்தைப் பற்றியது. திசு நீரூறிய பஞ்சு. கருவியின் தாடை மூடிய பிறகும் நீர் விலகி அது மெலியச் சில நொடிகள் வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தபோது கனத்தை விரல் சொன்னது. இப்போது விரலுக்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு முழம் உலோகம். ஆன்ட்ரம் தடிப்பு, ஃபண்டஸ் மெலிவு என்பது தெரிந்தும் "பச்சை கொடு, நீலம் கொடு" என்று காட்ரிட்ஜின் நிறத்தை நம்புகிறோம். அந்த நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆரம்ப நாட்களில் ஒருமுறை மூடியதும் அவசரமாக அடித்தேன். வரிசை நெடுக ரத்தம் பொட்டுப் பொட்டாக முளைத்தது. மிச்சம் பிடித்த பதினைந்து நொடிக்கு முக்கால் மணி நேரம் கையால் தைத்தேன்.

மோட்டார் வந்துவிட்டது, காத்திருப்பு தேவையில்லை என்று நண்பர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் கை நடுக்கத்தைப் போக்கும். திசுவிலிருந்து நீர் வடியும் நேரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். 2011 முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர், பின் தொடர்பாக 41,000-க்கும் மேற்பட்ட புகார் அறிக்கைகள் வந்ததாகவும், அவற்றில் 366 மரணம் பற்றியவை என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் சொன்னது. 2021-இல் உள்ளுறுப்பு ஸ்டேப்ளர்களைக் கூடுதல் கட்டுப்பாடுள்ள வகைக்கு மாற்றியது. அத்தனைக்கும் அவசரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கருவியில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நம்மிடம் பதிவு இல்லை என்பதே என் குறை.

ஆகவே ஒரே வேண்டுகோள். இன்று காட்டும் வீடியோக்களில், தாடை மூடியதிலிருந்து கத்தி ஓடும் வரையுள்ள பகுதியை முழுதாகக் காட்டுங்கள். போரடிக்கிறது என்று நாம் முதலில் வெட்டி எறிவது அந்தப் பதினைந்து நொடியைத்தான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.