புலம்பெயர்ந்தார்க்குப் பெயர் யாது?



நாடு விட்டு நாடு சென்று வாழ்வாரைத் தமிழர் எவ்வெப் பெயரால் அழைக்கின்றனர்? குடியேறி, குடிபெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர், அகதி, ஏதிலி, பரதேசி, வந்தேறி. செய்தித்தாளைப் பிரித்தால் ஒரே பக்கத்தில் இவற்றுள் மூன்றைக் காணலாம். மூன்றும் ஒரே ஆளைக் குறித்து வருவதும் உண்டு.

இவற்றுள் மூத்த சொல் எது? காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் கூறும் பட்டினப்பாலையிலேயே ‘புலம்பெயர் மாக்கள்’ என்னும் ஆட்சி உள்ளது, சிலப்பதிகாரத்திலும் உள்ளது. ஆங்கு அது தமிழரைக் குறித்ததன்று. தத்தம் நாடு நீங்கிப் புகாரில் வந்து கலந்து வாழ்ந்த பிறமொழியாளரைக் குறித்தது. இழிவு ஒரு சிறிதும் அச்சொல்லில் இல்லை. அன்னார் இனிது வாழ்வதனையே பட்டினத்திற்குச் சிறப்பாகப் புலவர் பாடினார். (‘மாக்கள்’ என்றவுடன் ஐயறிவுயிர் எனத் தொல்காப்பியம் காட்டி முகஞ்சுளிப்பாரும் உளர். பழம்பாட்டுகளில் அச்சொல் மக்களையே குறித்துப் பல்லிடத்தும் வரும்.) மேலும், ‘பெயர் மாக்கள்’ என்பது வினைத்தொகை. பெயர்ந்தாரும் பெயர்கின்றாரும் இனிப் பெயர்வாரும் அதனுள் அடங்குவர். ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் இற்றை வடிவிற்கு அவ்விரிவு இல்லை.

1983ஆம் ஆண்டுச் சூலைக் கொடுமைக்குப் பின்னர் ஈழத்தமிழர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பெருந்தொகையாய்ப் பரவியபோது இப்பழஞ்சொல் புத்துயிர் பெற்றது. அன்னார் வழக்கில் ‘புலம்’ என்பது தனித்து நின்று, சென்று வாழும் அயல்நாட்டையே குறிக்கிறது. விட்டு வந்த நிலத்தின் பெயர் வந்து சேர்ந்த நிலத்திற்கு ஆயிற்று. பிழை என்பார் உளர். எனினும், இடம் என்னும் பொதுப்பொருள் புலத்திற்கு உண்மையின், அவ்வழக்கை மறுத்தற்கு வலுவில்லை. தொரொன்றோவில் பிறந்த குழந்தையை என்னென்பது என்பதே இடர்ப்பாடு. அக்குழந்தை எப்புலத்தினின்றும் பெயர்ந்ததில்லை. அதற்குத் தமிழ்நாட்டரசு ஆளும் ‘அயலகத் தமிழர்’ என்பது பொருந்தும்.

‘அகதி’ வடசொல், கதியற்றவர் என்பது பொருள். அதனை விலக்கித் தனித்தமிழார் ‘ஏதிலி’ என்றனர். ஆனால், ஏதும் இல்லாதவர் என அதனைப் பிரித்து விளக்குதல் பழைய ஆட்சிக்கு ஒவ்வாது. திருக்குறளில் ஏதிலார் என்பார் அயலார். காமத்துப்பாலில் காதலர் இருவர் பிறர் அறியாவாறு ஏதிலார்போல ஒருவரையொருவர் நோக்குவர். ஆங்கு வறுமைக்கு என்ன இடம்? ஆதலின், கடல் கடந்து இராமேசுவரக் கரையில் இறங்கிய ஈழத்தமிழரை ஏதிலி என்பார், அவரை அயலார் என்றே அழைக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. சுடாலின் சட்டமன்றத்தில், அகதிகள் முகாம் இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப்படும் என்று அறிவித்தார். நன்று. ஆனால், பலகை மாறிய அன்றே குடியுரிமை வந்துவிடவில்லை. ஏதிலியர் குறித்த 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிட்டதில்லை.

பெயரால் பட்ட பாடு அறிய வேண்டுவோர் மலையகத் தமிழரை நோக்குக. ஆங்கிலேயர் தோட்டத் தொழிலுக்கென இலங்கைக்குக் கொண்டுசென்ற மக்கள் அவர். காடழித்துக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தவர். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவரைப் பிரித்து ‘இந்தியத் தமிழர்’ என எழுதினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. ‘கள்ளத்தோணி’ என்னும் வசைப்பெயர் தெருவில் எழுந்தது. 1964இல் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவிற்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டனர். கால்நடையைப் பிரிப்பார்கூட ஒருமுறை கொட்டில் சென்று பார்ப்பர்!

இங்கு வந்தார்க்குத் ‘தாயகம் திரும்பியோர்’ எனப் பெயரிட்டனர். திரும்புதல் என்பது சென்றவர்க்கு உரிய வினை. அவருட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். அவர்தம் பெற்றோரும் ஆங்கே பிறந்தவர். காணாத நாட்டிற்கு எங்ஙனம் திரும்புவது? நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தபின் அவர்க்கு வழங்கிய பெயர் ‘சிலோன்காரர்’. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இலங்கையில் எஞ்சினோர் தமக்குத் தாமே ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரைக் கொண்டனர். தாம் வாழும் மலையின் பெயரைத் தாமே சூடியதால் அப்பெயர் நிலைத்தது.

இறுதியாக ஒரு கசப்பான செய்தி. மலேசியாவில் தமிழரையும் சீனரையும் இழித்துரைக்க ‘பெண்டாத்தாங்’ என்பர். மலாய்மொழியில் வந்தவர் என்பதே அதன் பொருள். தலைமுறை தலைமுறையாய் அந்நாட்டில் பால்மரம் வெட்டிய குடியினர்மேல் அச்சொல் விழும்போது இங்குள்ளார் கொதிக்கின்றனர், கொதித்தல் முறையே. ஆயின், அதே பொருளுடைய ‘வந்தேறி’ இங்கு மேடைதோறும் கைதட்டல் பெறுகிறது. தமிழ்ச்சொல் என்ற ஒன்றனாலேயே அது நற்சொல் ஆகாது. ‘குடியேறி’ என்பதிலும் ‘ஏறி’ உண்டு, இழிவு இல்லை. வந்தவர்க்கும் குடி ஒன்று உண்டென அச்சொல் ஒப்புகிறது. ‘வந்தேறி’ அக்குடியை நீக்கிவிட்டு வரவை மட்டும் சுட்டுகிறது. அகரமுதலி தொகுப்போர் இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாய் அடுத்தடுத்து வையாதிருப்பாராக.