வைக்கோல் தின்கிற மாட்டுக்கு வெண்ணெய் எங்கிருந்து வருது?

இன்னைக்கு எபிசோட் என்னோட பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஆபீஸ்ல ஹெல்த் செக்கப். ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல், ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்துல. ட்ரைகிளிசரைடு 268. அது 150க்குள்ள இருக்கணும். கூகுள் பண்ணினா, ரத்தத்துல ஓடுற கொழுப்புன்னு போட்டிருக்கு. நேரா வீட்டுக்குப் போய், "உன் சமையல்ல எண்ணெய் ஜாஸ்திம்மா, அதான் இப்படி ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள்ல இருந்து எண்ணெய் விடாத தோசை, தாளிக்காத சாம்பார். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் கிடையாது. ஒண்ணுமே பண்ணாத அப்பாவுக்கும் சேர்த்து தண்டனை.

மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்தேன். 271.

டாக்டர் எண்ணெயைப் பத்திக் கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க தம்பி?"ன்னு கேட்டார். எனக்குப் புரியல. டீயில எண்ணெயா இருக்கு?

இதுக்குப் பதில் நெற்பயிர்ல இருக்கு. நெல்லை அறுத்து அடிச்சா அரிசி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. ஆனா வேதியியல் கண்ணோட பார்த்தா அரிசியில இருக்கிற மாவுச்சத்தும் சரி, வைக்கோல்ல இருக்கிற செல்லுலோஸும் சரி, ஒரே பொருளால ஆனது. குளுக்கோஸ். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அந்த மணிகளைக் கோர்த்த சங்கிலிதான் ரெண்டும்.

கோர்த்த விதம்தான் வேற. மாவுச்சத்துல மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், அதனால சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருளும். செல்லுலோஸ்ல ஒரு மணி நேரா, அடுத்தது தலைகீழா. அதனால சங்கிலி நீட்டிப் பிடிச்ச கயிறு மாதிரி நிற்கும். பக்கத்துப் பக்கத்துக் கயிறுகள் ஒட்டிக்கிட்டு நாராகும். செடி நிமிர்ந்து நிற்கிறதே அதனாலதான். நம்ம எச்சில்ல இருக்கிற அமைலேஸ் முதல் வகைக் கண்ணியை மட்டும்தான் வெட்டும். வெறும் சோத்தை ரெண்டு நிமிஷம் மென்னு பாருங்க, லேசா இனிக்கும். வைக்கோலை நாள் முழுக்க மென்னாலும் இனிக்காது.

மாட்டுக்கும் அதை வெட்டுற நொதி சொந்தமா கிடையாது. அதோட முதல் வயித்துல இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் செல்லுலோஸை உடைச்சு அசிட்டிக் அமிலம் மாதிரி சின்னச் சின்ன அமிலங்களா மாத்துது. வினிகர்ல இருக்கே, அதே அமிலம். ரெண்டே கார்பன். மாட்டோட மடி அந்த ரெண்டு ரெண்டு கார்பனை ஒட்டி ஒட்டி நீளமான கொழுப்பு அமிலமாக்குது. பால்ல இருக்கிற கொழுப்புல கணிசமான பங்கு இப்படித்தான் வருது.

இப்ப யோசிங்க. வைக்கோல்லயும் புல்லுலயும் எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். ஆனா அதைத் தின்னுட்டு மாடு வெண்ணெய் கொடுக்குது. நாம தலைமுறை தலைமுறையா பார்த்துட்டு இருக்கிற விஷயம்தான். நம்ம உடம்பும் அதைப் பண்ணும்னு மட்டும் நமக்குத் தோணல.

நம்மகிட்ட அந்த வேலையை அதிகமா பண்றது கல்லீரல். தேவைக்கு மேல வர்ற சர்க்கரையை ரெண்டு கார்பன் துண்டுகளா நறுக்கி, திரும்ப ஒட்டி, 16 கார்பன் நீளத்துக்கு பால்மிட்டிக் அமிலம் பண்ணும். அப்படி மூணு கொழுப்பு அமிலத்தை கிளிசரால்ங்கிற சின்ன மூலக்கூறுல மாட்டினா ட்ரைகிளிசரைடு. அந்த 'ட்ரை' வேற ஒண்ணும் இல்லை, மூணுன்னு அர்த்தம். நம்ம வெள்ளைச் சர்க்கரையில பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ்ல பெரும்பகுதி நேரா கல்லீரலுக்குத்தான் போகும்.

சரி, உடம்பு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? சர்க்கரையை சர்க்கரையாவே வெச்சுக்கலாமே? கொஞ்சம் வெச்சுக்குது. கிளைகோஜன்னு பேர். கல்லீரல்ல சுமார் 100 கிராம், தசைகள்ல சுமார் 400 கிராம். நம்ம பாஷையில சொன்னா இது கேஷ். டக்குனு எடுக்கலாம், ஆனா இடம் கம்மி. கொழுப்புதான் ஹார்ட் டிஸ்க்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 1 கிராம் கொழுப்புல 9 கலோரி, கார்போஹைட்ரேட்ல 4. அதுபோக ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணியைக் கூடவே கூட்டிட்டு வரும். கொழுப்புக்குத் தண்ணி ஆகாது. 10 கிலோ கொழுப்புல இருக்கிற சக்தியைக் கிளைகோஜனா வெச்சா 22.5 கிலோ. தண்ணியோட சேர்த்தா 90 கிலோ! நாமளே இன்னொரு ஆளை முதுகுல சுமந்துட்டு மாடிப்படி ஏறணும்.

அதனால கொழுப்பு வில்லன் இல்லை. சேமிப்பு மட்டும் அதோட வேலையும் இல்லை. உங்க ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கிற சவ்வே ரெண்டு அடுக்குக் கொழுப்புதான், தண்ணி பிடிக்கிற தலை வெளியே, பிடிக்காத வால் உள்ளே. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போட சேர்ந்தாதான் உடம்புல சரியா சேரும். கேரட் பொரியலுக்கு அம்மா விடுற ரெண்டு ஸ்பூன் எண்ணெய் சும்மா இல்லை.

இப்ப என் டீக்கு வருவோம். ஒரு நாளைக்கு 6 டீ, ஒவ்வொண்ணுலயும் 2 ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம்னு வெச்சாலும் 48 கிராம். சாயங்காலம் ஃபிரெஷ் ஜூஸ், அதுல போடுற சர்க்கரை தனி. 2,000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு இந்த மாதிரி சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, அதுல பாதியா இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல சொல்லியிருக்கு. நான் டீயிலயே கிட்டத்தட்ட முடிச்சுட்டேன்.

டீயை ரெண்டாக்கினேன், சர்க்கரை இல்லாம. ஜூஸ் கட். ராத்திரி சோறு பாதி. தினம் முக்கால் மணி நேரம் நடை. கடைசி ரிப்போர்ட்ல 164. இன்னும் கொஞ்சம் இறங்கணும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். ட்ரைகிளிசரைடு ஏற மது, தைராய்டு, சுகர், பரம்பரைன்னு வேற காரணங்களும் உண்டு. அதனால என் கதையைக் கேட்டுட்டு நீங்களே வைத்தியம் பண்ணிக்காதீங்க. ரிப்போர்ட்டோட டாக்டரைப் போய்ப் பாருங்க.

அம்மாகிட்ட சாரி சொன்னேன். "அதான் அப்பவே தெரியுமே, நீ டம்ளர் டம்ளரா குடிக்கிறதை நான் பார்க்கலையா"ன்னாங்க. அப்புறம் ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "நீதான் கூகுள்ல பார்த்துட்டு வந்து நின்னியே"ன்னாங்க.

மறுநாள் காலையில இட்லிப் பொடியில நல்லெண்ணெய் இருந்துச்சு. அப்பாதான் முதல்ல தட்டை நீட்டினார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.